கொடையும் இலவசமும்

பழனி மலையின் பழம்பெயர் பொதினி. ஆவியர் குடியில் தோன்றிய பேகன் அம்மலைநாட்டின் தலைவன். குளிரில் மயில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான் என்பதனால் அவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்து எண்ணப்படுகிறான். மயிலுக்குப் போர்வையை உடுத்தத் தெரியாது, போர்த்திக்கொள்ளவும் தெரியாது. அதனிடமிருந்து கைம்மாறாக ஏதும் வரப்போவதில்லை என்பது கொடுத்தவனுக்கும் தெரியும். கொடை என்னும் சொல்லுக்குத் தமிழ் மரபு வகுத்த மேல் எல்லை இதுவாகும்.

அதே மலையடிவாரத்துக் கடைவீதிகளில் இன்று தொங்குகிற சொல் வேறு. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்கிறது அட்டை. இலவசம் என்பது கொடையின் உடையை உடுத்திக்கொண்ட விற்பனை. இதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. வணிகன் வணிகம் செய்கிறான். ஆயினும் சோப்பு, பற்பசை, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி என்று வீட்டுக்குள் நாள்தோறும் புழங்கும் பொருள்களை விற்போர், குழந்தைகளின் கையில் எதைக் கொடுத்து வீட்டுக்குள் நுழைந்தார்கள் என்பதும், அப்பொருள்கள் எங்கே, எப்படி உருவாயின என்பதை எவ்வாறு கண்ணுக்கு மறைத்தார்கள் என்பதும் ஓர் இலக்கிய வட்டம் எண்ணிப்பார்க்கத் தக்கவையே. விளம்பரமும் சொல்லால் ஆனதுதானே!

பத்தாண்டு நிறைவு காணும் இந்த அவையில் மூத்தோர் பலருக்கு பினாகா பற்பசை நினைவிருக்கும். சீபா நிறுவனத்தின் அந்தப் பற்பசைப் பெட்டிக்குள் விரல்நுனி அளவில் பிளாஸ்டிக் விலங்கு ஒன்று இருக்கும். யானையா, ஒட்டகமா, பறவையா என்பது பெட்டியைத் திறக்கும்வரை தெரியாது. 1960களிலும் 70களிலும் இந்திய வீடுகளில் அவை வரிசை வரிசையாகச் சேர்த்துவைக்கப்பட்டன. பல் துலக்கும் ஆசை எந்தக் குழந்தைக்கும் இயல்பாக வருவதில்லை. விலங்கு வரிசையில் விடுபட்டதைச் சேர்க்கும் ஆசை வரும். வாங்குகிறவர் தந்தை, வாங்கச் செய்கிறது குழந்தை. 1952 முதல் இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்திய 'பினாகா கீத்மாலா' நிகழ்ச்சியும் இதே நிறுவனத்தின் செலவில்தான் நடந்தது. பெரியோருக்குப் பாட்டு, சிறியோருக்குப் பொம்மை என்று வீடு முழுவதையும் வளைத்துக்கொண்ட திறமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்தப் பொம்மையின் அடுத்த பிறவியே வீடியோ விளையாட்டு. அது நிகழ்ந்தது அமெரிக்காவில், ஆண்டு 1983. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் அட்டாரி 2600 என்னும் கருவி அந்நாட்டு வீடுகளில் பரவியிருந்த காலம். கருவியில் செருகும் பெட்டியை, இங்கே பின்னாளில் அதைப் போன்ற கருவிகள் வந்தபோது, எல்லாரும் 'கேசட்' என்றே அழைத்தனர். இங்கும் அச்சொல்லையே ஆளலாம். அந்தக் கருவியின் நினைவகம் 128 பைட்டு. வழக்கமான கேசட்டின் கொள்ளளவு 4 கிலோபைட்டு. எழுத்துகளாக எண்ணினால் இந்த மலரின் ஓரிரு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். அதற்குள் ஒரு பொருளையும், அதன் பகைவனையும், ஆடுபவனின் ஆசையையும் அடைக்க வேண்டியிருந்தது.

ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்காக அவ்வாண்டில் உருவான விளையாட்டின் பெயர் 'டூத் புரொடெக்டர்ஸ்', அதாவது பற்காவலர். திரையின் அடியில் பல் வரிசை. மேலே தின்பண்டப் பகைவர்கள் அங்குமிங்கும் அலைந்து துணுக்குகளை உதிர்ப்பார்கள். காவலனைக் குறுக்கே நகர்த்தி அவற்றைத் தட்டிவிட வேண்டும். சில அடிகள் விழுந்ததும் பல் மின்னத் தொடங்கும். உடனே பொத்தானை அழுத்தினால் பல்துலக்கியும், பல்லிடுக்கை அராவும் நூலும், வாய் கொப்பளிக்கும் நீரும் வந்து பல்லைக் காக்கும். அம்மூன்றும் வீட்டுக் குளியலறையில் இருக்க வேண்டியவை. நிறுவனத்தின் நோக்கமும் அதுவே. இந்தக் கேசட் கடையில் விற்கவில்லை, அஞ்சலில்தான் வந்தது.

நாயுணவு விற்கும் ராஸ்டன் பியூரினா நிறுவனமும் அதே ஆண்டில் 'சேஸ் த சக் வேகன்' என்ற விளையாட்டை அஞ்சலில் வழங்கியது. சிக்கலான பாதைகளின் வழியே நாயை உணவு வண்டியிடம் கொண்டுசேர்ப்பதே ஆட்டம். பொருளை வாங்கியதற்குச் சான்றான அட்டைத் துண்டுகளை வெட்டிச் சேர்த்து அனுப்பியவர்களுக்கே அது கிடைத்தது. அதன் நிரல் ஒரு வார இறுதியில் எழுதி முடிக்கப்பட்டது என்பர். ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் அதை நம்பத் தயங்கமாட்டார்கள். கூல்-எய்ட் என்னும் இனிப்புப் பானப்பொடிக்கும் அவ்வாண்டில் ஒரு விளையாட்டு உண்டு. குளத்து நீரை உறிஞ்சிக் குடிக்க வரும் தாகப் பூதங்களைப் பானக்குவளை உருவிலுள்ள நாயகன் விரட்டுவான். இனிப்புப் பொடியின் ஆட்டமும் பற்காவலரும் ஒரே வீட்டுக்குள் ஒரே ஆண்டில் நுழைந்திருந்தால், அந்த வீட்டுக் குழந்தை யார் பக்கம் நின்றிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

இவ்வகையில் மிக அரியது வீட்டுப்பொருள் சார்ந்ததன்று, குளிர்பானம் சார்ந்தது. கோக்க-கோலா நிறுவனம் தன் ஊழியர் மாநாடு ஒன்றுக்காக அட்டாரியிடம் சொல்லி ஒரு விளையாட்டை மாற்றியமைத்தது. வானிலிருந்து இறங்கும் பகைவர்களுக்குப் பதிலாகப் போட்டி நிறுவனமான பெப்சியின் பெயரெழுத்துகள் இறங்கின. 1983இல் அட்லாண்டா மாநாட்டில் வழங்கப்பட்டவை 125 கேசட்டுகள் மட்டுமே. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆடுபவருக்கு உயிர்கள் எல்லையில்லாமல் உண்டு. மூன்று நிமிடம் ஆனதும் ஆட்டம் வெற்றியில் முடியும். தோற்கவே முடியாத போர்!

அந்த நுட்பமே விளம்பர விளையாட்டின் இலக்கணம் எனலாம். 1996இல் 'செக்ஸ்' என்னும் காலையுணவுத் தானியப் பெட்டிகளில் குறுந்தகடாக வந்த 'செக்ஸ் குவெஸ்ட்', குருதி கொப்பளிக்கும் 'டூம்' விளையாட்டின் எலும்புக்கூட்டின்மேல் கட்டப்பட்டது. ஆனால் அதில் எவரும் சாவதில்லை. பகைவர்கள் சுடப்படுவதில்லை, தங்கள் உலகுக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். பொருளின் பெயர் தாங்கிய இடத்தில் சாவு நிகழலாகாது. குப்பை, நோய், கழிவு எதுவும் சேரலாகாது. திரையில் ஓர் அழுக்கு தோன்றினால், நம்பகமான பொருள் வந்து அதைத் துடைத்துவிட வேண்டும்.

தமிழர் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஒரு கருத்தை ஏற்றிவைத்த விளையாட்டே. அதுவும் ஒருவகையில் விளம்பரமே. ஏணி அறம், பாம்பு மறம் என்று அது கற்பிக்கிறது. ஆயினும் அங்கே பாம்பு உண்மையாகவே கடிக்கும். வைகுண்டத்துக்கு ஒரு கட்டம் முன்னே நிற்பவனும் சறுக்கி அடிக்கு வருவான். விற்பதற்காக ஆக்கப்பட்ட விளையாட்டில் நிறுவனத்தின் பெயரைச் சுமந்த பாம்பு இருந்ததாக எங்கும் காணோம்.

அக்கேசட்டுகள் அரியவையானது எவரும் திட்டமிட்டதன்று. அட்டைத் துண்டுகளை வெட்டி அஞ்சலிட்டோர் சிலரே. அதே 1983இல் அமெரிக்க வீடியோ விளையாட்டுத் தொழிலே சரிந்து விழுந்தது. விற்காத கேசட்டுகளை அட்டாரி நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்தோ நகரின் குப்பைக்கிடங்கில் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தது. அவை விளம்பரக் கேசட்டுகள் அல்ல. கடையில் விற்க ஆக்கப்பட்டவை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2014 ஏப்ரலில், அந்தக் குழியைத் தோண்டினார்கள். நசுங்கிய கேசட்டுகளை வாங்க ஆர்வலர் போட்டியிட்டனர். ஏலத் தொகை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. குப்பையும் காலம் கடந்தால் அரும்பொருளாகும் என்று அதை வியந்தவர்கள் உண்டு.

எல்லாக் குப்பையும் அப்படி ஆவதில்லை. அதே 1983இல் அமெரிக்காவிலிருந்து இன்னொன்று கிளம்பிப் பழனி மலைக்கு வந்தது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்கூடம் பெயர்த்து எடுக்கப்பட்டுக் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. கொண்டுவந்தது செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளை. வாசலின், பஞ்சுக்குச்சி, பாண்ட்ஸ் குளிர்களிம்பு ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற நிறுவனம் அது. தமிழ்நாட்டு வீடுகளில் கண்ணாடிக்கு அருகே அதன் முகப்பவுடர் டப்பா இல்லாத வீடு குறைவு. மேற்சொன்ன விளையாட்டுகளோடு இந்நிறுவனத்துக்குத் தொடர்பில்லை. ஆண்டும், வீட்டுப்பொருள் என்னும் இனமும் மட்டுமே பொது. ஆனால் கேசட்டில் காட்டப்படாத பாதி எது என்பதை அறியக் கொடைக்கானலைவிட நல்ல இடம் கிடைக்காது.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி ஒன்றில் இருக்கும் பாதரசம் அரை கிராம் முதல் ஒரு கிராம் அளவுதான். கண்ணாடிக் குழாயும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்து முடித்தவை வெளிநாட்டுக்கே சென்றன. மலையூருக்கு வந்ததும் இல்லை, மலையூரார் வாயில் வைத்துப் பார்த்ததும் இல்லை. நடுவில் நின்றது வேலை மட்டுமே. பாதரசம் கொதிக்க வேண்டியதில்லை. அறையின் வெப்பத்திலேயே ஆவியாகும். நிறமும் மணமும் இல்லாத அந்த ஆவி மூச்சோடு நுரையீரலுக்குள் சென்று குருதியில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் அடையும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பணிபுரிந்தனர். 1980களின் பிற்பகுதியில் யூனிலீவர் உலகளவில் செஸ்பரோ-பாண்ட்சை வாங்கியதால் தொழிற்கூடமும் அக்குழுமத்தின் கைக்கு வந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது.

2001 மார்ச்சில், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய பொருள் கிடங்கு ஒன்றில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி மூட்டைகள் கிடப்பதை ஊர்மக்களும், பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தினரும், கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினர். அவை விதிமுறைக்கு மாறாக வெளியே விற்கப்பட்டன என்பதை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தொழிற்கூடம் அம்மாதமே மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குச் சென்றது. இந்தியாவிலிருந்து வளர்ந்த நாடொன்றுக்குக் கழிவு திருப்பியனுப்பப்பட்டதில் ஓர் அரிய நிகழ்ச்சி அது. 'செக்ஸ் குவெஸ்ட்' விளையாட்டில் பகைவரை அவர்கள் உலகுக்கே அனுப்புவது ஒரு பொத்தான் அழுத்தம். இங்கே அதற்கு இரண்டு ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது.

கழிவு சென்றது, மண் செல்லவில்லை. தொழிற்கூடம் நின்ற மேட்டின் சரிவில் பாம்பாறு சோலை தொடங்குகிறது. அங்கே ஊறும் நீர் பாம்பாறாக இறங்கிப் பெரியகுளத்தருகே கும்பக்கரை அருவியாய் விழுந்து வைகைச் சமவெளி நோக்கிச் செல்வது. அணுசக்தித் துறையைச் சார்ந்த ஆய்வாளர்கள் கொடைக்கானல் வட்டாரத்துப் பாசிகளிலும் மரப்பட்டைக் கற்பாசிகளிலும் பாதரசத்தைக் கண்டு எழுதினர். பாசிக்கு வேர் இல்லை. அது காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதுதான். ஆகவே பாசியில் இருப்பது காற்றில் இருந்தது என்று பொருள்.

தொழிலாளர் பலர் சிறுநீரகக் கோளாறும், நடுக்கமும், இளம் வயதுச் சாவும் தம்மிடையே நேர்ந்தன என்றனர். தொழிற்கூடத்துப் பணியால் எவர் உடல்நலமும் கெடவில்லை என்பதே நிறுவனம் இறுதிவரை கூறியது. அதற்கு ஆதரவாகத் தன் ஆய்வறிக்கைகளையும் காட்டியது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளருடனும் இறந்தோர் குடும்பத்தாருடனும் உடன்பாடு ஏற்பட்டது. கொடுத்த தொகை மனிதாபிமான அடிப்படையிலானது என்று நிறுவனம் சொன்னது. ஈடு என்ற சொல் ஏற்கப்படவில்லை. இலவசம், கொடை, ஈடு, கருணைத்தொகை ஆகிய சொற்களுக்கிடையே எத்தனை வழக்கறிஞர்களின் உழைப்பு கிடக்கிறது என்பதை மொழியில் ஈடுபாடுடைய இந்த அவை கருத வேண்டும்.

அந்த உடன்பாட்டுக்குச் சில மாதங்கள் முன்னே ஒரு பாட்டு வந்தது. 2015 ஜூலை இறுதியில் வெளியான 'கொடைக்கானல் வோன்ட்' என்னும் அந்த ஆங்கில ராப் பாடலைப் பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப். காட்சியை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். நிக்கி மினாஜ் என்ற அமெரிக்கப் பாடகியின் புகழ்பெற்ற மெட்டின்மேல் ஏற்றப்பட்ட அப்பாடலில் சொல் எளியது. கேட்டவுடன் பற்றிக்கொள்ளும் ஓசை. சில நாள்களிலேயே பல லட்சம் பேர் அதைப் பார்த்தனர். சோபியா அஷ்ரப் அதற்கு முன் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதியவர். ஒரு சோப்பை நினைவில் பதிக்கும் அதே உத்திகளை, சோப்பு நிறுவனம் மறந்துவிட விரும்பிய ஊரை நினைவில் பதிக்க அவர் பயன்படுத்தினார். கைத்தொழில் ஒன்றே, திசைதான் வேறு.

மெட்டு இரவல், சொல் மேலோட்டம், தமிழ் மலையின் துயரை ஆங்கிலத்தில் பாடலாமா என்றெல்லாம் குறை கூறியோர் உண்டு. குறைகள் பொய்யல்ல. ஆயினும் இதே மலைநாட்டுக்கு வந்த பழம்புலவர்களை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டுப் பிரிந்திருந்தான். பரணர், கபிலர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகியோர் அவனைத் தேடிச் சென்று பாடியவை புறநானூற்றில் உள்ளன. அவர்கள் அவன் கொடையை மறுக்கவில்லை. ஆனால் பசிக்காக வரவில்லை, பரிசிலும் வேண்டா, வீட்டில் அழுதுகொண்டிருப்பவளிடம் இன்றே செல்க என்றே பாடினர். புகழ்பெற்ற வள்ளலின் முன்னே நின்று அவன் வாசலுக்குப் பின்னால் இருப்பவளைப் பற்றிக் கேட்பது புலமையின் பழைய கடமைகளுள் ஒன்று. பேகன் கேட்டு மனைவியிடம் திரும்பினானா என்பதைப் பாட்டுகள் சொல்லவில்லை.

2018இல் அதே பாடகி, இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணாவுடன் சேர்ந்து, தொடர்ச்சியாக இன்னொரு பாடல் தந்தார். அப்போது கேள்வி மண்ணைப் பற்றியது. தொழிற்கூட வளாகத்து மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சலாம் என்று வைத்த அளவு போதுமா என்பதே அது. நிறுவனத்தின் தாய்நாடான இங்கிலாந்தில் இதைவிடக் கடுமையான அளவு கேட்கப்படுமே என்றனர் இயக்கத்தினர். 2013இல் நாடுகள் கூடி ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானி செய்வதை 2020க்குள் நிறுத்தச் சொன்னது. அந்தப் பொருளே உலகக் கடைகளிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது. அது செய்யப்பட்ட இடத்தின் கணக்கு மட்டும் அதனோடு விலகவில்லை.

பேணுதலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பற்காவலர் விளையாட்டின் நிரலை ஆர்வலர்கள் படியெடுத்து வைத்துவிட்டார்கள். கேசட் உடைந்தாலும் ஆட்டம் அழியாது. அதற்குப் பின் வந்தவை அத்தனை நற்பேறு பெறவில்லை. 1998இல் மும்பையில் தொடங்கிய 'கான்டெஸ்ட்ஸ்2வின்' போன்ற நிறுவனங்கள் இந்திய வணிகப் பெயர்களுக்காக இணையத்தில் போட்டிகளையும் விளையாட்டுகளையும் நடத்தின. அக்காலத்து இணைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஃபிளாஷ் என்னும் மென்பொருளில் எழுதப்பட்டவை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதைக் கைவிட்டபோது உலகெங்கும் எண்ணற்ற ஆட்டங்கள் திறக்க முடியாதவையாயின. நாற்பது ஆண்டு முந்தைய கேசட் ஆடுகிறது. பத்தாண்டு முந்தைய ஆட்டம் ஆடவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு திருமண அழைப்பையும் நாடகத் துண்டறிக்கையையும் சேர்த்தபோது பலருக்கு அது வேடிக்கையாகவே பட்டிருக்கும். அவர் மறைந்தபின், 1994இல், அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ் அச்சுப் பண்பாட்டின் வரலாற்றை எழுதுவோர் அங்கே செல்லாமல் எழுதுவதில்லை. பினாகா விலங்குகளுக்கும், பவுடர் டப்பாவின் மேலிருந்த படங்களுக்கும், கடையில் தந்த இலவசத் தாள்களுக்கும் அப்படியொரு அலமாரி வேண்டும்.

அதே அலமாரியில் இன்னொரு தட்டும் தேவைப்படும். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏற்றும் வேலைக்கும், சூடாக்கும் அறைக்கும், உடைந்ததைப் பெருக்கி வாரும் முறைக்கும், மூக்கில் கட்டிய துணிக்கும் கொடைக்கானல் தொழிலாளர் தமக்குள் என்ன சொற்களை வழங்கினார்கள்? பதினெட்டு ஆண்டு ஒரு தொழில் நடந்த இடத்தில் அத்தொழிலுக்குரிய பேச்சு பிறக்காமல் இருந்திராது. நீதிமன்ற ஏட்டில் ஏறியவை ஆங்கிலச் சொற்கள். அந்தத் தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியோடு மலையேறி, அவர்கள் பேசக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிவைப்பதற்கு நிறுவனத்தின் இசைவும் அரசின் நிதியும் வேண்டியதில்லை. வத்தலக்குண்டிலிருந்து பேருந்து செல்கிறது.